கஞ்சா காயவைத்த கதை: இந்த வருடம் உப்பு காப்பாற்றியது

போன வருட அறுவடையைக் கெடுத்தது நானேதான். நான்கு நாளில் காய்ந்துவிட்டதே என்று சந்தோஷம் வேறு. பேஸ்மென்டில் ஃபர்னஸுக்குப் பக்கத்தில் கிளைகளைத் தொங்கவிட்டு, விசிறியை நேரே அவற்றின் மேல் திருப்பிவிட்டேன். வெளியே மொறுமொறு. போத்தலைத் திறந்தால் வைக்கோல் போர் மணம். இழுத்தால் தொண்டையைச் சுரண்டியது. ஆறு மாதம் தண்ணீர் ஊற்றியதற்கு அதுதான் கூலி.

இந்த வருடம் பொறுமையாகச் செய்வது என்று முடிவு. நான் இருப்பது கனடாவின் ஸ்காபரோவில். 2018 ஒக்டோபர் 17 முதல் ஒன்டாரியோவில் வீட்டுக்கு 4 செடி வளர்க்கலாம். ஆளுக்கு நான்கு இல்லை, வீட்டுக்கு நான்கு. பக்கத்து கியூபெக்கில் ஒன்றுகூட வளர்க்க முடியாது; அந்தத் தடை செல்லும் என்று 2023 இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஊரில் இருந்து வாசிப்பவர்கள் வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அங்கே சட்டம் வேறு.

ஒக்டோபர் 5, அறுவடை. இன்னும் ஐந்து நாள் விட்டிருக்கலாம். உருப்பெருக்கியில் பார்த்தால் பிசின் மணிகள் பெரும்பாலும் பால் நிறம், அங்கொன்றும் இங்கொன்றும்தான் பொன்னிறம். ஆனால் மூன்று நாள் மழை என்றார்கள். பெரிய பூங்கொத்தின் நடுவே ஒரு சின்ன இலை மட்டும் பழுத்திருந்தது. இழுத்தேன், தடையில்லாமல் கையோடு வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறப் பூஞ்சணம். அந்தக் கொத்தையும், அதற்குக் கீழே நல்லதாகத் தெரிந்த ஒரு சாண் கிளையையும் சேர்த்து எறிந்தேன். பூஞ்சணம் பிடித்ததை வெட்டிவிட்டு மிச்சத்தைக் காயவைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நெஞ்சுக்குள் போகிற சாமான் இது.

பெரிய இலைகளைக் கழித்தபின் இரண்டு செடியிலும் சேர்த்து 1,140 கிராம். பூவைச் சுற்றியிருந்த சின்ன இலைகளை வெட்டாமல் விட்டேன். அவை காயும்போது பூவின் மேல் மடிந்து போர்வை மாதிரி மூடிக்கொள்ளும். ஈரம் மெதுவாகத்தான் போகும். இந்த முறை இடம், பேஸ்மென்டில் ஒரு வெறும் அலுமாரி. வெளிச்சம் இல்லை, வெப்பம் 18 பாகை. விசிறி சுவரைப் பார்த்து ஓடியது, காற்று அசைந்தால் போதும். வேகமாகக் காய்ந்தால் பச்சை மணம் உள்ளேயே தங்கிவிடும். சூடு ஏறினால் எலுமிச்சை மணம் தரும் எண்ணெய்கள்தான் முதலில் பறக்கும்.

அம்மா இரண்டாம் நாளே மேலே இருந்து குரல் கொடுத்தார். "உன்ரை கீரை வீடு முழுக்க மணக்குது, ஆரும் வந்தா நான் என்ன சொல்றது?" அந்த நாற்றம் கந்தகச் சேர்மங்களின் வேலை. அதில் முக்கியமான ஒன்றை 2021 இல்தான் கஞ்சாவில் அடையாளம் கண்டார்கள்; வெயில் பட்டுக் கெட்ட பியரில் வருவதும் அதேதான். இந்த விளக்கம் அம்மாவிடம் எடுபடவில்லை. கரி வடிகட்டி ஒன்று வாங்கி மாட்டிய பிறகுதான் வீட்டில் சமாதானம்.

ஆறாம் நாள். அலுமாரிக்குள் காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் ஈரமானி முதல் நாளில் இருந்தே 58 சதவீதம் காட்டுகிறது. 55 முதல் 60 வரை நல்லது என்பதால் நிம்மதியாக இருந்தேன். ஆனால் கையால் தொட்டால் பூ குளிர்ச்சியாக, பதுக்கென்று இருக்கிறது. ஆறு நாளில் வெளிப்புறமாவது உலர்ந்திருக்க வேண்டாமா? கையை நம்புவதா, கருவியை நம்புவதா?

அப்போதுதான் உப்புச் சோதனை ஞாபகம் வந்தது. ஒரு போத்தல் மூடியில் சமையல் உப்பு, ஈர மணல் பதத்துக்குச் சில துளி தண்ணீர். அதையும் ஈரமானியையும் காற்றுப் புகாத பையில் போட்டு ஓர் இரவு விட வேண்டும். உப்பு முழுதாகக் கரையக் கூடாது. அந்தப் பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும், அது உப்பின் குணம். காலையில் பார்த்தால் என் கருவி காட்டியது 67. எட்டுக் குறைவு! அப்படியென்றால் அலுமாரிக்குள் இத்தனை நாளும் இருந்தது 66. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் எல்லாவற்றிலும் பூஞ்சணம் பிடித்திருக்கலாம்.

ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை அலுமாரிக்கு வெளியே, அறையில் ஓடவிட்டேன். உள்ளே வைத்தால் போன வருடக் கதை திரும்பும். ஒரு நாளில் அளவு 59க்கு இறங்கியது, கருவி குறைத்துக் காட்டும் எட்டையும் சேர்த்துச் சொல்கிறேன். கருவியில் 51 என்றால் உண்மையில் 59 என்று கறுப்பு மையால் எழுதி ஒட்டிவிட்டேன், மறந்துபோகாமல்.

பதின்மூன்றாம் நாள். சின்னக் காம்பை மடித்தால் டக்கென்று ஒடிகிறது. தடித்த காம்பு வளைந்து, நார் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இதுதான் பதம். இறக்கி, இலை கத்தரித்து, காம்பு நீக்கினால் 208 கிராம்.

அப்புறம் கண்ணாடிப் போத்தல்கள், முக்கால்வாசி மட்டும் நிரப்பி. இங்கேதான் அவசரக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். வெளியே காய்ந்திருந்தாலும் பூவின் நடுவில் ஈரம் இருக்கும். மூடி வைத்ததும் அது வெளியே வரும். மாலையில் போட்டதை மறுநாள் காலையில் தொட்டால் மறுபடி பதுக்கென்று இருந்தது. போத்தலுக்குள் 68. கொட்டி, பழுப்புக் காகிதத்தில் மூன்று மணி நேரம் பரப்பினேன். மறுநாள் 65, மறுபடி பரப்பல். மூன்றாம் நாள் 62, அங்கேயே நின்றது. ஒரு போத்தலில் மட்டும் மூத்திர நெடி மாதிரி ஏதோ அடித்தது. ஈரம் கூடி, காற்று இல்லாமல் பாக்டீரியா வேலையைத் தொடங்கினால் வரும் அமோனியா அது. உடனே கொட்டி ஒரு நாள் முழுக்க வெளியே வைத்ததில் தப்பியது.

முதல் வாரம் தினமும் இரண்டு தடவை, பத்து நிமிடம் மூடியைத் திறந்து வைத்தேன். பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை, இப்போது வாரத்துக்கு ஒருமுறை. முதல் பத்து நாள் வெட்டிய புல் மணம்தான், மனம் விட்டுப்போனது. மூன்றாம் வாரம் ஒரு காலை திறந்தபோது எலுமிச்சைத் தோல் மணம் வந்தது.

அப்பா ஒரு நாள் கீழே வந்து ஒரு பூவை விரலால் நசுக்கிப் பார்த்தார். அப்பப்பா யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்தவர், தேங்காய்ப் பொச்சுப் புகை போட்டுப் பாடம் பண்ணியவர். "அவர் இப்பிடித்தான் ஒவ்வொரு நாளும் தொட்டுப் பாப்பார், அவரிட்ட மெசின் ஒண்டும் இல்லை" என்றார் அப்பா. எனக்குச் சுருக்கென்றது.

இப்போது ஏழாவது வாரம். அக்காவின் பிள்ளைகள் வந்துபோகும் வீடு என்பதால் போத்தல்கள் எல்லாம் பூட்டிய பெட்டிக்குள். இரண்டில் மட்டும் ஈரத்தைச் சமன் செய்யும் பொதி போட்டிருக்கிறேன், ஒன்றில் 58, மற்றதில் 62. ஜனவரியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.