கூரையிலிருந்து விழுந்த சொட்டு

ராணிப்பேட்டை சிப்காட்டில் பஃப் பேனல் தயாரிக்கும் ஆலையொன்றில் பல ஆண்டுகள் ஆர்டர் பிரிவில் இருந்தேன். எங்கள் பேனல்கள் பெரும்பாலும் பால் குளிரூட்டும் நிலையங்களுக்கும் காய்கறிக் கிடங்குகளுக்கும் போகும். இரு தகடுகளுக்கு நடுவே கன மீட்டருக்கு 40 கிலோ அடர்த்தியில் பாலியூரித்தேன் நுரை, உள்ளும் புறமும் வெள்ளைப் பூச்சு என்று பார்க்காமலே படிவத்தை நிரப்பிவிடுவேன். வடக்கே ஒரு மலையூரில் ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கட்டப்பட்ட ஐஸ் சறுக்கு அரங்கத்திற்குச் சுவரும் கூரையும் கேட்டு ஆர்டர் வந்தபோது, அதையும் பெரியதொரு குளிர் அறையாகவே எண்ணி அப்படியே நிரப்பினேன்.

ஆடுதளம் மட்டும் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அக்னி நட்சத்திர வெயிலில் லாரிக்கு லோடு ஏற்றிய பெரியவர், "ஐஸ் மேல சறுக்கி வெளாடறதுக்கா சார் இவ்ளோ பலகை?" என்று கேட்டார். அவருக்குச் சிரிப்பு, எனக்கும்தான்.

அரங்கம் திறந்த சில வாரங்களில் அங்கிருந்து புகார் வந்தது: கூரை ஒழுகுகிறது. மழையே இல்லாத மாதம். இணைப்புகளில் பியூட்டில் டேப் சரியாக ஒட்டவில்லை என்று பொருத்தியவர்கள் மேல் பழிபோட்டபடியே நேரில் போனேன். ஐஸின் மேல் கொப்புளங்களைப்போல் சிறு மேடுகள். ஒவ்வொன்றும் மேலேயிருந்து விழுந்த சொட்டு உறைந்தது. நிமிர்ந்து பார்த்தால் இணைப்புகள் மட்டுமல்ல, கூரையின் அடித்தகடு முழுவதுமே வியர்த்திருந்தது.

அங்கிருந்த குளிர்பதனப் பொறியாளர் விளக்கிய பிறகுதான், எங்கள் ஊரில் ஒவ்வொரு மார்கழியிலும் நான் பார்ப்பதுதான் இது என்று உறைத்தது. இரவில் வெளியே நிறுத்திய ஸ்கூட்டரின் இருக்கை விடியலில் நனைந்திருக்கும். போர்டிகோவுக்குள் நின்றது நனையாது. திறந்த வானத்தை நோக்கித் தன் வெப்பத்தை வீசிவிட்டு, இருக்கை சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. அரங்கத்தில் வானத்தின் வேலையை, சுழியத்துக்குக் கீழே 5 டிகிரியில் கிடக்கும் ஐஸ் செய்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கூரை வெப்பத்தை இழந்து, காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலைக்குக் கீழே இறங்கி, அந்த ஈரத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. அப்படி இறங்கும் வெப்பத்தையெல்லாம் இயந்திரம் மின்சாரம் செலவழித்து வெளியேற்ற வேண்டியிருப்பது தனி நஷ்டம்.

நான் தேர்ந்தெடுத்த வெள்ளைதான் இதற்குத் துணைபோனது. மொட்டை மாடிக்கு வெள்ளையடித்தால் வீடு குளிரும் என்பது வேலூர்க்காரர்களுக்கு அனுபவ உண்மை. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும் என்பதில் தவறில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை வீசுவதில் அது கறுப்புப் பூச்சுக்குச் சற்றும் இளைத்ததல்ல. பளபளக்கும் அலுமினியமோ அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட வீசாது.

பேனல்களைக் கழற்றி மாற்றுவது கட்டுப்படியாகாது. கூரைக்குக் கீழே அலுமினியப் படலம் ஒட்டிய துணியைக் கம்பிகளில் இழுத்துக் கட்டினோம்; செலவில் பாதியை எங்கள் ஆலை ஏற்றது, முதலாளி என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. கட்டி முடித்த மறுநாள் விடியற்காலையில் டார்ச் எடுத்துக்கொண்டு ஐஸ் முழுவதையும் குனிந்து பார்த்தபடி நடந்தேன். ஓரத்தில், துணி ஒரு முழம் எட்டாமல் விட்ட இடத்திற்கு நேர் கீழே, ஒரே வரிசையாக நான்கு மேடுகள் இருந்தன.