பழைய ஷேவிங் பிரஷுக்குப் புது முடி: சிக்கல் எல்லாம் குழியில்தான்

பிரஷ் இப்போது அருமையாக நுரைக்கிறது. ஆனால் இரண்டு தடவை முடிக்கொத்து வாங்கி, ஒரு தடவை ஒட்டியதைப் பிய்த்தெடுத்த பிறகுதான் இந்த நிலைக்கு வந்தது. இரண்டுமே அளவெடுக்காமல் வேலையில் இறங்கியதால் வந்த வினை.

1940களின் அமெரிக்க எவர்-ரெடி கம்பெனி பிரஷ் இது. கைப்பிடி கேட்டலின் என்ற பழைய காலக் கெட்டிப் பிளாஸ்டிக், கொத்து ரப்பரில் பதித்தது. இதைவிடப் பழையது கையில் கிடைத்தால் கவனம். முதல் உலகப் போர்க் காலத்தில், சரியாகக் கிருமி நீக்காத குதிரைமுடி பிரஷ்களால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பலருக்கு ஆந்த்ராக்ஸ் வந்தது. அந்தக் கிருமியின் வித்துகள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், சோப்புத் தண்ணீரில் சாகாது. 1930க்கு முந்தைய விலங்குமுடி பிரஷ் என்றால் அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதோடு சரி. முகத்தில் தேய்க்கவும் வேண்டாம், முடியை வெட்டவும் வேண்டாம்.

நாலு முடி கொட்டுகிறது என்பதற்காகக் கத்தரிக்கோலைத் தூக்காதீர்கள். உப்புத்தண்ணீரும் சோப்பும் சேர்ந்து அடியில் படிந்த கசடுதான் பாதி பிரஷ்கள் விறைத்துப்போகக் காரணம். ஒரு பங்கு வெள்ளை வினிகர், பத்துப் பங்கு வெதுவெதுப்பான தண்ணீர், ஐந்து நிமிடம். முடி மட்டும் நனையட்டும், கைப்பிடி வேண்டாம். பிறகு ஷாம்பு போட்டு அலசினால் பல பிரஷ்கள் பிழைத்துக்கொள்ளும். என் பிரஷில் முடி வேரோடு ஒடிந்துகொண்டிருந்ததால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

முடியை ஒட்ட வெட்டியதும் தெரிவது கல்லாக இறுகிய ரப்பர். பெரிய டிரில் பிட்டை நேராக இறக்கினால் அது கவ்விக்கொண்டு கைப்பிடியையே சுழற்றும். கேட்டலின் நொறுங்கும் சரக்கு, கழுத்தில் கீறல் விட்டுவிடும். முதலில் நடுவில் 6 மி.மீ. பிட், அடுத்து 10, அடுத்து 14. மிச்சத்தைச் சின்ன கிரைண்டரில் உப்புத்தாள் உருளை மாட்டிச் சுற்றிலும் தேய்த்தெடுக்க வேண்டும். கைப்பிடியில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றித்தான் வைஸில் பிடிக்க வேண்டும். முகமூடி கட்டாயம், அந்தத் தூள் நல்லதில்லை. கைப்பிடியைத் தேய்க்கும்போது கற்பூர வாடை அடித்தால் அது செல்லுலாய்டு. சூட்டில் தீப்பிடிக்கும், மெஷினே வேண்டாம்.

இனிதான் சறுக்கிய இடம். கொத்து 22 மி.மீ. என்று விற்பவர் போட்டிருந்தார். அதை நம்பி, கொத்து வருவதற்கு முன்பே கைப்பிடியில் அது உட்காரும் குழியை 22.5க்கு விரித்தாயிற்று. வந்ததை வெர்னியர் அளவுகோலில் பிடித்தால், அடியில் பசை உருண்ட இடத்தில் 23.4. கழுத்தின் வெளி விட்டமே 28. குழியை 24 ஆக்கினால் சுவர் 2 மி.மீ.தான் மிஞ்சும், அது ஆபத்து. திருப்பி அனுப்பக் கேட்டதற்கு, கையால் கட்டியது, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்ற பதில்தான் வந்தது. பணம் போனது போனதுதான். அடுத்து 20 என்று போட்டிருந்ததை வாங்கினேன், அளந்தால் 21.6, கச்சிதமாக உட்கார்ந்தது. கொத்து கைக்கு வந்து, அதன் தடித்த இடத்தை அளந்து, அதைவிட அரை முதல் ஒரு மி.மீ. கூடுதலாகக் குழி வெட்டுங்கள். விளம்பர அளவு முடியின் கட்டுக்கு, பசைக்கு இல்லை.

இரண்டாவது தவறு ஆழம். ரப்பரை எடுத்த குழி 22 மி.மீ. ஆழம், கொத்தின் மொத்த உயரம் 63. அப்படியே இறக்கினால் வெளியே தெரிவது 41தான். முடி விறைத்து நின்று, நுரையை எல்லாம் உள்ளேயே வைத்துக்கொண்டது. நல்லவேளை, முதலில் சிலிக்கான் பசை வைத்துத்தான் ஒட்டியிருந்தேன். முறுக்கி இழுத்ததும் வந்துவிட்டது. அரால்டைட் போட்டிருந்தால் கொத்து நாசம். சந்தேகம் இருந்தால் சிலிக்கானில் ஒட்டி நாலு நாள் ஷேவ் செய்து பாருங்கள். ஆனால் அதன் பிசிறு ஒட்டியிருந்தால் அடுத்த பசை பிடிக்காது, சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். குழியின் அடியில் 7 மி.மீ. எம்-சீல் அமுக்கியதும் கொத்து 48 உயரத்துக்கு வந்தது. மரக்கட்டை வைத்து அடைக்காதீர்கள், தண்ணீரில் ஊதும்.

கடைசி ஒட்டலுக்கு மெதுவாக இறுகும் அரால்டைட், பட்டாணி அளவு, குழியின் அடியில் மட்டும். சுவரில் தடவினால் கொத்து இறங்கும்போது பசை மேலேறி முடிக்குள் வளையமாக இறுகிவிடும். கொத்தைத் தாளால் சுற்றி, கைப்பிடி கீழே இருக்க 24 மணி நேரம் நிறுத்த வேண்டும். முதல் அரை மணிக்குள் மேலிருந்து பார்த்து நடுவில் நிற்கிறதா என்று சரிசெய்துகொள்ளலாம், இறுகிய பிறகு நகராது.

மெருகு எளிது, உப்புத்தாள் மட்டும் வேண்டாம். அந்த மஞ்சள் தேன் நிறம் வயதால் மேல்தோலில் வந்தது. தேய்த்தால் அடியில் உள்ள வெளிர் நிறம் திட்டுத் திட்டாக வெளியே வரும். பித்தளை துலக்கும் பிராஸோ போதும். துணியில் மஞ்சள் இறங்கினால் பயப்படாதீர்கள், கேட்டலின் என்பதற்கு அதுவே சாட்சி.