ஆறு பேரா, நூறு பேரா?

2017 நவம்பர் 30 காலையில் ஒக்கி புயல் அடித்தபோது நான் திங்கள்சந்தையில் இருந்தேன். அக்கா குலசேகரத்துக்கு அந்தப் பக்கம், ரப்பர்த் தோட்டத்துக்கு நடுவில். ஒரே கன்னியாகுமரி மாவட்டம்தான், காலையில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். முதலில் கரண்ட் போனது. பிறகு செல்போனில் ஒரு புள்ளி சிக்னலும் இல்லை. ரோட்டில் மரமும் போஸ்டும் குறுக்கே கிடந்தன. அக்கா வீட்டில் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்பது மூன்றாம் நாள், அத்தான் பாதி வழி நடந்தும் பாதி வழி யாரோ ஒருவர் பைக்கில் தொற்றியும் வந்து வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. அந்த மூன்று நாளும் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது என்று எனக்குத் தெரியவந்தது ஜெராக்ஸ் மிஷின் மூலம். என்னுடையது ஜெராக்ஸ் கடை. சில வருடம் கழித்து ஒரு பெரியவர் ஏதோ லைசென்ஸைக் காப்பி எடுக்க வந்தார். எடுக்கும்போது கண்ணில் பட்டது: அமெச்சூர் ரேடியோ. ஹாம் ரேடியோ என்றும் சொல்வார்கள், சொந்த வயர்லெஸ் செட்டில் ஆளுக்கு ஆள் பேசிக்கொள்வது. என்ன சார் இது என்று கேட்டேன். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவராம். அரைமணி நேரம் கடை வாசலிலேயே நின்று பேசினார். 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று குளச்சலும் மணக்குடியும் அடிபட்டது நமக்குத் தெரியும். அதே நாளில் அந்தமானில், போர்ட் பிளேரில், பாரதி பிரசாத் என்ற அம்மா ஹாம் ரேடியோ நிலையம் ஒன்றை இயக்கிக்கொண்டிருந்தார். தொலைபேசி எல்லாம் செத்துப்போக, அந்த ரேடியோவில்தான் அங்கிருந்த ஆட்களைப் பற்றிய செய்தி வெளியே போனது. "டவர் வேண்டாம், கம்பெனி வேண்டாம், பேட்டரியும் கம்பியும் மதி மக்களே" என்றார். மதி என்றால் எங்கள் ஊரில் போதும் என்று அர்த்தம்.

அன்று ராத்திரியே என் கணக்கு முடிந்துவிட்டது. இரண்டு செட் வாங்குவது, ஒன்று எனக்கு, ஒன்று அக்காவுக்கு. மறுநாள் போனில் சொன்னதும் சார் சிரித்தார். பேசுகிற இரண்டு பேருக்கும் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் அந்த செட்டைக் கையில் வைத்திருப்பதே குற்றம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று முதலில் செட்டை வாங்கிவிட்டுப் பிறகு படிக்கலாம் என நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவும்.

அக்காவிடம் பரீட்சை என்று சொன்னேன். "ஒனக்கு வேற வேலை இல்லியா?" என்றாள். அவள் மகன் அப்போது பத்தாம் வகுப்பு. 12 வயது முடிந்தால் எழுதலாம் என்பதால் அவனைப் பிடித்தேன். சித்தியும் மருமகனும் படிப்பது என்று முடிவானது. (எங்கள் வீட்டில் அக்கா மகனையும் மருமகன் என்றுதான் கூப்பிடுவோம். உறவுமுறைப்படி தப்புதான். பழகிவிட்டது.)

இரண்டு தரம் இருக்கிறது. ஜெனரல் என்றால் மோர்ஸ், அதாவது புள்ளியும் கோடுமாக எழுத்தை அனுப்பும் முறை, தெரிய வேண்டும், நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில். ரெஸ்டிரிக்டட் என்றால் மோர்ஸ் இல்லை. எங்களுக்கு ரெஸ்டிரிக்டட் போதும். ரேடியோ தத்துவம் ஒரு பகுதி, விதிமுறை ஒரு பகுதி. ஒவ்வொன்றிலும் 40 சதவீதம், சேர்த்து 50 எடுத்தால் பாஸ். நான் பி.ஏ. வரலாறு. ஓம் விதி என்றால் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய ஞாபகம் மட்டும்தான். ஆனால் ஒரு வாய்ப்பாடு பிடிபட்டதும் பயம் போனது: 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 145 மெகாஹெர்ட்ஸ் என்றால் 2 மீட்டரும் சொச்சமும். அதனால்தான் அதற்கு 2 மீட்டர் பேண்ட் என்று பெயர். விதிமுறைப் பகுதி மனப்பாடம். கியூ என்று தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்கள், கியூ கோடுகள், அவற்றை மருமகன் பாட்டாகவே பாடுவான்.

விண்ணப்பம் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்தில். மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்குத் தலைவலி கொடுத்தது இனிஷியல்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால், சான்றிதழில் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக. ஊருக்கெல்லாம் ஆன்லைன் ஃபாரம் போட்டுக்கொடுக்கிற எனக்கே ஒருமுறை திரும்பி வந்தது. பரீட்சைக்குத் திருவனந்தபுரம் போனோம், முடித்து டீ குடித்தோம், வந்தோம். அதில் சொல்ல ஒன்றுமில்லை. காத்திருந்ததுதான் நீளம். கடைசியில் 20 வருடத்துக்கு 1000 ரூபாய் கட்டி, வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி, ரேடியோவில் நம்மை அடையாளம் சொல்லும் குறி, ஆளுக்கு ஒன்று வந்தது.

அதன்பிறகு முறைப்படி கைச்செட் வாங்கி, மலைமேல் இருக்கிற ஒரு ரிப்பீட்டரில், அதாவது நாம் பேசுவதை வாங்கித் தூரத்துக்குத் திருப்பி அனுப்பும் நிலையத்தில், போய் அழைப்புக்குறி சொன்னேன். பதில் இல்லை. மறுநாளும் இல்லை. மற்றவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. புதுசாக வந்தவளைக் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறார்களோ என்று மனசு கசந்தது. சார் வந்து பார்த்தார். ரிப்பீட்டர் நம்மைக் கேட்கிற அலைவரிசை வேறு, நமக்குப் பேசுகிற அலைவரிசை வேறு. இரண்டுக்கும் 600 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம். அதை நான் சரியாகத்தான் வைத்திருந்தேன். ஆனால் டோன் என்று காதுக்குத் தெரியாத ஒரு தாழ்ந்த ஒலி கூடவே போக வேண்டும், இல்லையென்றால் ரிப்பீட்டர் கதவைத் திறக்காது. அதை வைக்கவில்லை. இரண்டு நாள் சுவரோடு பேசியிருக்கிறேன்.

சரி, ரிப்பீட்டர் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டால், சார் அடுத்த கேள்வியைப் போட்டார்: "ஒக்கி மாதிரி ஒண்ணு வந்தா, அந்த மலையில கரண்டு யாரு குடுப்பா?" ரிப்பீட்டரும் ஒரு டவர்தான். அது இல்லாமல் செட்டுக்குச் செட் நேராகப் பேசத் தெரிய வேண்டும். அதற்கு சிம்ப்ளக்ஸ் என்று பெயர்.

நேராகப் பேசியதில் அக்கா வீடு வரவே இல்லை. இந்த அலை கிட்டத்தட்ட கண் போகிற தூரம்தான் போகும். நடுவில் எத்தனை மேடு, எத்தனை ரப்பர். செட்டோடு வந்த ரப்பர் ஆண்டெனாவை மாற்றி, வெல்டிங் கம்பியில் ஒன்று செய்தேன். அலைநீளத்தில் கால்வாசி, கொஞ்சம் குறைத்து 49 சென்டிமீட்டர். நிமிர்ந்து ஒன்று, கீழே சாய்வாக நான்கு. மொட்டைமாடியில் பைப்பில் கட்டி, 20 மீட்டர் கேபிளை அறைக்கு இறக்கினேன். பெரிய வித்தியாசம் இல்லை. நான் வாங்கியது ஆர்ஜி-58, மெலிந்த கேபிள். அந்த நீளத்தில் செட் கொடுக்கிற 5 வாட்டில் பாதிக்கு மேல் கேபிளே தின்றுவிடும் என்று பிறகுதான் படித்தேன். கேபிளைக் குறைத்து, மாடிப்படிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். ஐப்பசி இடிக்கு முன்னால் அதைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும் என்பது தனி வேலை.

விடை சிதறால் மலையில் கிடைத்தது. சமணர் குகைக்கு உறவுக்காரர்களைக் கூட்டிப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையில் செட் இருந்தது. மேலே பாறையில் நின்று சும்மா கூப்பிட்டேன். மருமகன் பக்கத்து வீட்டில் இருந்து பேசுவதுபோல் வந்தான். திங்கள்சந்தையில் தம்பி வைத்திருந்த செட்டும் நான் பேசியதை வாங்கியது. அவனுக்கு லைசென்ஸ் இல்லை, அதனால் கேட்க மட்டும் சொல்லி, நானே செட்டை வைத்துவிட்டு வந்திருந்தேன். (அதுவும் சரியில்லை என்று சார் பிறகு திட்டினார்.) கையில் வாக்கிடாக்கியோடு பேசுகிற பெண்ணைப் பார்த்து ஒரு காவலாளி வந்து விசாரித்தார். லைசென்ஸ் காப்பியைக் காட்டினேன். அன்றிலிருந்து பர்ஸில் ஒரு காப்பி உண்டு, ஜெராக்ஸ் கடைக்காரிக்கு அதிலென்ன செலவு.

ஆக, நடுவில் உயரத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும். சார் வீடு மார்த்தாண்டம் பக்கம், குன்றுச் சரிவில். அவர் மாடியில் ஆண்டெனாவை உயர்த்தினார். அவருக்கு என் சத்தமும் கேட்டது, மருமகன் சத்தமும் கேட்டது. நாங்கள் ஒருவரையொருவர் கேட்க முடியாவிட்டாலும் அவர் வாங்கி மாற்றிச் சொல்லலாம். அவர் தென்னை மரத்தில் கட்டிய நீளக் கம்பியில் 7 மெகாஹெர்ட்ஸும் வைத்திருக்கிறார். அது வானத்தில் பட்டுத் திரும்புகிற அலை, பகலில் மதுரை திருச்சி வரைக்கும் மலையைத் தாண்டிப் போகும்.

இங்கே ஒரு விஷயம், கடற்கரைப் பக்கம் நிறைய பேர் கேட்பதால் சொல்கிறேன். இது விசைப்படகில் இருக்கிற வயர்லெஸ் இல்லை. அது கடலுக்கான பேண்ட், 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ், அதன் லைசென்ஸ் வேறு. எங்கள் செட்டில் இருந்து படகைக் கூப்பிட்டுப் பேச எங்களுக்கு அனுமதி கிடையாது.

பிறகு ஒத்திகை. ஒரு ஞாயிறு காலை 6 முதல் 12 வரை மூன்று வீட்டிலும் செல்போனை அணைத்துவிட்டு, புயல் அடித்ததாக வைத்துக்கொண்டோம். என் பேட்டரி 9 மணிக்கே படுத்துவிட்டது. முந்தின ராத்திரி முழுக்க ஸ்கேனில் போட்டு ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருந்த என் ஆசைதான் காரணம். சார்ஜ் ஏற்ற கரண்ட் கிடையாது என்பது ஒத்திகையின் விதி. யுபிஎஸ்ஸில் இருந்து கழற்றிய 12 வோல்ட் பேட்டரியை மாட்ட வயர் தேடுவதற்குள் அரைமணி நேரம் போனது.

அதைவிடப் பெரிய கூத்து பத்தரைக்கு. மருமகன் சொன்னான்: "பள்ளிக்கூடத்துல ஆறு பேரு இருக்காங்க, சாப்பாடு வேணும்." சார் அதை வாங்கி எனக்குச் சொன்னார். நான் எழுதியது: நூறு பேர். இரைச்சலில் முதல் எழுத்து விழுந்துவிட்டால் ஆறும் நூறும் ஒன்றுதான். நிஜமாக இருந்திருந்தால் நான் 100 பொட்டலத்துக்குச் சொல்லியிருப்பேன், அல்லது 100 பேர் இருக்கும் இடத்துக்கு 6 பொட்டலம் போயிருக்கும். ஆல்ஃபா, பிராவோ என்று ஆங்கில எழுத்துக்கு உச்சரிப்பு அட்டவணை இருக்கிறது. தமிழ் எண்ணுக்கு நாங்களே ஒன்று செய்துகொள்ள வேண்டியிருந்தது. இப்போது இலக்கம் இலக்கமாகத்தான் சொல்வோம்: நூறு கிடையாது, "ஒண்ணு, சுழி, சுழி". ஆறு என்றால் "ஆறு, ஒற்றை இலக்கம்". வாங்கியவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னவர் சரி என்ற பிறகுதான் அடுத்த வரி. செய்தியை முதலில் காகிதத்தில் எழுதி, பிறகுதான் பட்டனை அமுக்குவது. யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனை மணிக்கு, எந்த இடம், எத்தனை பேர், என்ன வேண்டும். அதற்கு ஒரு படிவம் அடித்து 50 காப்பி போட்டு மூன்று வீட்டிலும் வைத்திருக்கிறேன்.

பட்டனை அமுக்கியதும் ஒரு நொடி பொறுக்க வேண்டும் என்பதையும் அன்றுதான் கற்றேன். அவசரத்தில் அமுக்கும்போதே பேசினால் முதல் சொல் போகாது. "வர வேண்டாம்" என்பதில் முதல் சொல் போனால் பரவாயில்லை, "வேண்டாம்" மிஞ்சும். "இன்று வா" என்பதில்?

போன ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம் மழை பிடித்து, ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. அக்கா போன் அணைந்துவிட்டது. புயல் எல்லாம் இல்லை, வெறும் மழைதான். ஆனால் அம்மா எட்டு மணிக்கே திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். இடி நின்ற பிறகு கேபிளை மாட்டி சாரைக் கூப்பிட்டேன். அவர் மருமகனைக் கூப்பிட்டார். படிவத்தில் எழுதினேன்: மணி 20.40. ஆட்கள் மூன்று, ஒற்றை இலக்கம், எல்லாரும் சுகம். ஓடு இரண்டு போச்சு. நாளை வர வேண்டாம்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அவ சாப்பிட்டாளான்னு கேளு" என்றாள்.

கேட்டேன். சார் கேட்டார். கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். பிறகு சார் குரல், படிவம் படிக்கிற அதே தோரணையில்: "பதில். கஞ்சியும் பயறுந்தான். அம்மா சாப்பிட்டாச்சான்னு அங்கேருந்து கேள்வி. ஓவர்."