வீடு மாற்றியபோது பாரம் தூக்கிய அனுபவம்

இரண்டாம் மாடி வீட்டைக் காலி செய்து, மின்தூக்கி இல்லாத வேறொரு கட்டடத்தின் முதல் மாடிக்குக் குடிபெயர வேண்டியிருந்தது. சாமான்களில் பெரும்பகுதியை நானும் என் தம்பியுமே சுமப்பது என்று முடிவு செய்தோம். கீழ்முதுகு வலி எனக்கு அவ்வப்போது வந்துபோகும். ஆகையால், எந்தப் பொருளானாலும் அதன் எடையை மட்டும் பார்க்காமல், தூக்கும்போது அது உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கும் என்பதையும் பார்த்த பிறகே கைவைப்பது என்று தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொண்டேன்.

முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள், முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டுகளின் மையத்திலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. பின்னால்தான் இருக்கின்றன. 20 கிலோ பெட்டி ஒன்றை வட்டிலிருந்து 50 செ.மீ. முன்னால் பிடித்தால், அந்தப் பெட்டியின் பொருட்டு மட்டும் அத்தசைகள் 200 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் இழுக்க வேண்டியிருக்கும். அதையே வயிற்றோடு அணைத்து 25 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்தால் அந்த விசை பாதியாகிவிடும். பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நியோஷ் நிறுவனம் 1991இல் திருத்திய, பாரம் தூக்குவதற்கான சூத்திரமும் இதே கணக்கைத்தான் சொல்கிறது. எல்லாம் சாதகமாக அமைந்தாலும் 23 கிலோதான் அதன் வரம்பு. கைகள் கணுக்கால்களிலிருந்து 50 செ.மீ. தள்ளிப்போனால் அது 11.5 கிலோவாகக் குறைகிறது.

புத்தகங்களுக்குச் சிறிய அட்டைப்பெட்டிகளையே எடுத்துக்கொண்டோம். ஏ4 தாள் கட்டுகள் ஐந்து கொண்ட பெட்டி ஏறக்குறைய 12.5 கிலோ இருக்கும். அதற்குமேல் எந்தப் புத்தகப் பெட்டியும் கனக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். பெரிய பெட்டிகளில் தலையணைகளும் துணிகளும் போயின.

‘முதுகை வளைக்காதே, முட்டியை மடக்கு’ என்று எல்லோரும் சொல்வார்கள். அது எல்லாப் பெட்டிக்கும் பொருந்தாது என்பதைத் தரையில் கிடந்த ஓர் அகலமான பாத்திரப் பெட்டியிடம் கண்டேன். நன்றாகக் குந்தி உட்கார்ந்தால் முட்டிகள் முன்னே வந்து பெட்டியை இன்னும் தள்ளிவிடுகின்றன. எனவே அதன் ஒரு மூலையை என் பக்கம் திருப்பி, சற்றே சாய்த்து, ஒரு பாதத்தை அதன் பக்கவாட்டில் முன்னே வைத்து, அருகிலிருந்த மூலையை அடியில் ஒரு கையாலும் எதிர்மூலையை மறுகையாலும் முழு உள்ளங்கை படும்படி பிடித்து, முட்டியையும் இடுப்பையும் அளவாக மடக்கி எழுந்தேன். பெட்டி எழும்போதே மேல்வயிற்றில் வந்து பதிந்தது. திரும்ப வேண்டிய இடத்தில் இடுப்பைத் திருகாமல், பாதங்களை எடுத்துவைத்தே திரும்பினேன்.

சலவை இயந்திரம்தான் பெரிய சோதனை. முன்பக்கம் திறக்கும் அந்த வகையில், சுழலும்போது அதிராமல் இருக்கக் கான்கிரீட் கட்டிகளைப் பொருத்தியிருப்பார்கள். எங்களுடையது 65 கிலோ. இருவர் தூக்கினால் இருமடங்கு தூக்கலாம் என்று நினைப்பது ஆபத்து; இருவருடைய தனித்தனித் திறனைக் கூட்டி, அதில் மூன்றில் இரண்டு பங்கை மட்டுமே நம்பலாம் என்கிறது பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான எச்எஸ்இயின் வழிகாட்டுதல். ஆகவே பக்கத்துக்கு மூன்று சக்கரங்கள் கொண்ட, படியேறும் தள்ளுவண்டியை வாடகைக்கு எடுத்து, உறவினர்கள் இருவரைத் துணைக்கு அழைத்தோம். குழாயில் தேங்கிய நீரை வடித்து, உருளை ஆடாமலிருக்கப் பின்புறத் திருகாணிகளை மறுபடி பூட்டி, வண்டியோடு பட்டையால் இறுகக் கட்டினோம். தம்பி மேலே கைப்பிடியைப் பிடித்தான். உறவினர்கள் இருவரும் பக்கவாட்டில் தாங்கினர். வண்டி நழுவினால் ஆள் நசுங்கும் என்பதால் நேர் கீழே எவரையும் நிற்கவிடவில்லை. ஒருவர் குரலுக்கு மட்டுமே கட்டுப்படுவது என்பதால், “இறக்கு, நில்லு” என்று படிக்குப் படி நான் சொன்னேன். பாதி வழியில், “அக்கா, கை வழுக்குது” என்றான் தம்பி. உடனே அந்தப் படியிலேயே வண்டியை நிறுத்தி, அவன் கையைத் துடைத்துப் பிடியை மாற்றிக்கொண்ட பிறகே அடுத்த படிக்கு நகர்ந்தோம்.

இடுப்புப் பட்டை கட்டிக்கொள்ளும்படி சிலர் சொன்னார்கள். நலமாக இருப்பவர்களை அது காயத்திலிருந்து காக்கும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று நியோஷ் கூறுவதால் நான் அதை நாடவில்லை. மாறாக, காலையில் எழுந்ததும் வட்டுகளில் நீர் ஏறி விறைத்திருக்கும் என்பதால், முதல் ஒரு மணி நேரம் குனிந்து தூக்கும் வேலையைத் தவிர்த்தேன்.

இறக்கிவைக்கும்போது விரல் நசுங்காமலிருக்க, பெட்டியின் ஒரு விளிம்பை முதலில் தரையில் ஊன்றி, கையை எடுத்த பிறகே மறுபக்கத்தைத் தாழ்த்தினோம். குளிர்சாதனப் பெட்டியைப் படியில் சற்றுச் சாய்க்க நேர்ந்ததால், கம்ப்ரசர் எண்ணெய் கீழே திரும்பும்வரை சில மணி நேரம் நிமிர்த்தி வைத்திருந்து, பிறகுதான் மின் இணைப்புக் கொடுத்தோம்.