மூடியைத் திறந்ததும் வந்த வாசனை

மண்ணில் வாழும் பாக்டீரியாவைத் தேடும் என் எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு மண் எடுக்க, திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் எங்கள் மல்லாட்டைக் கொல்லைக்குத்தான் போனேன். மேல்மண்ணைத் தள்ளிவிட்டு ஒரு சாண் ஆழத்தில் எடுத்துப் பையில் போட்டதைப் பார்த்து, “மண்ணுக்கு டிக்கெட் கேக்க மாட்டாங்களாடி?” என்றார் ஆயா.

ஒரு கிராம் மண்ணை 9 மில்லி ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) தண்ணீரில் கலக்கி, அதில் ஒரு மில்லியை அடுத்த 9 மில்லியில் விட்டு, இப்படியே பத்துப் பத்து மடங்காக நீர்த்துக்கொண்டே போனேன். லட்சம் மடங்கு நீர்த்ததில் 0.1 மில்லி பூசிய நியூட்ரியன்ட் அகார் பிளேட்டில் (பாக்டீரியா வளரச் சத்துக்கூழ் ஊற்றிய தட்டு) 43 காலனிகள், அதாவது பாக்டீரியா பெருகி உண்டான 43 புள்ளிகள். கணக்குப் போட்டால் கிராமுக்கு 4.3 கோடி. இதுவும் வளரச் சம்மதித்தவை மட்டும்தான். மண்ணில் இருக்கும் பெரும்பாலானவை நாம் காய்ச்சி ஊற்றும் அகாரைச் சீண்டுவதே இல்லை.

எனக்குப் பிடித்துப்போனது ஸ்டார்ச் கேசீன் அகார் என்ற இன்னொரு கூழில் ஏழாம் நாள் தலைகாட்டிய ஒன்று. சாக்பீஸ் தூள் தூவியதுபோல வெள்ளை. லூப் என்ற கம்பி வளையத்தால் சுரண்டினால் பெயராமல் அகாரைக் கவ்விக்கொண்டிருந்தது. பிளேட்டை முகரக்கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். நான் முகரவில்லை; மூடியைத் திறந்ததும் முதல் தூறலின் வாசனை தானாக வந்தது. மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின்! லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். கிராம் ஸ்டெயின் என்ற சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஊதா நிறத்தில் கிளைவிட்ட இழைகள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியாதான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

ஆனால் ப்ராஜெக்ட் கைடுக்கு 16எஸ் சீக்வென்ஸ், அதாவது பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் ஒரு ஜீனின் எழுத்து வரிசை வேண்டும். செல்லைக் கொதிக்கவைத்து டிஎன்ஏ எடுத்து, அந்த ஜீனின் இரு முனைகளையும் பிடிக்கும் 27எஃப், 1492ஆர் பிரைமர்கள் போட்டு, அதைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் ஓட்டினேன். நகல் வந்திருந்தால் ஜெல்லில் ஒரு பட்டை (பேண்ட்) தெரியும்; என் லேன் மட்டும் காலி. அப்புறம் செல்சுவரைக் கரைக்கும் லைசோசைம் விட்டு 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தேன். ஏதோ நிழல்போல ஒரு பேண்ட், அவ்வளவுதான். சீனியர் அக்கா எட்டிப் பார்த்து, “இதோட டிஎன்ஏ எழுத்துல ஜியும் சியும் எழுபது பர்சென்ட்டுக்கு மேல இருக்கும், ரெண்டு இழையும் லேசுல பிரியாது. பிரிக்க டிஎம்எஸ்ஓ 5 பர்சென்ட் சேர்த்துப் பாரு” என்றார். மூன்றாவது ஜெல்லில் 1500 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீளத்துக்குப் பக்கத்தில் பளிச்சென்று ஒரு பேண்ட்!

சீக்வென்ஸ் வந்ததும், ஏற்கெனவே தெரிந்த சீக்வென்ஸ்களோடு ஒப்பிடும் பிளாஸ்டில் போட்டேன். ஸ்ட்ரெப்டோமைசிஸ் சரி. எந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ்? மேலே வரிசையாக நாலைந்து பெயர்கள், எல்லாமே 99 சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை. இந்தப் பேரினத்தில் 16எஸ் ஒன்றை மட்டும் வைத்து இனத்தைப் பிரிக்க முடியாமல் போவது சகஜம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஆயா மறக்காமல் கேட்டார், “உன் பூச்சிக்குப் பேரு தெரிஞ்சுதா?”

“பாதிப் பேருதான் ஆயா.”

“ஆறு மாசமா பாதிப் பேரா?”

மீதிக்கு இன்னும் நாலைந்து ஜீன்களைப் படிக்க வேண்டும். அதற்குக் கையில் காசு இல்லை.