இரண்டு இன்ச் துணி

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே தையல் கடை வைத்திருக்கிறேன். புதுசாகத் தைக்க வருகிறவர்கள் குறைவு, ஆல்ட்ரேஷன்தான் பிழைப்பு. முன்பு ரெடிமேட் பேன்ட்டை இடுப்பில் பிடிக்கச் சொல்வார்கள். இப்போது பிரித்து விடச் சொல்கிறார்கள்.

பீகார் பையன் ஒருவன் வந்த புதிதில் 28 இன்ச். இரண்டு தீபாவளி கழித்து 32. "எங்க ஊர்ல இப்படி யாரும் இல்ல அண்ணா" என்று சிரித்தான். உண்மையா என்று தேடிப் பார்த்தேன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுக்குள் எடை கூடியவர்கள் பீகாரில் பெண்கள் 15.9 சதவீதம், ஆண்கள் 14.7. தமிழ்நாட்டில் 40.4, 37. அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் நம் பெண்கள் 30.9தான். பையன் சொன்னது பொய்யில்லை.

எனக்கு முதலில் சந்தேகம் எதிரே நிற்கும் தள்ளுவண்டி மேல்தான். நம் ஊரில் பாஸ்ட் ஃபுட் என்றால் பர்கரா, பீட்சாவா? இரும்புச் சட்டியில் தீ எழும்ப வறுக்கிற எக் ரைஸும் நூடுல்ஸும்தான். பக்கத்திலேயே காளான் வண்டி. பேர்தான் காளான், பாதிக்கு மேல் முட்டைக்கோஸும் மைதாவும். ஒன்றரை ஷிப்ட் முடிந்து எட்டரைக்கு வெளியே வருகிறவனுக்கு அறையில் போய் ரொட்டி சுடத் தெம்பு ஏது?

ஆனால் என் வீட்டுக்காரி ஒத்துக்கொள்ளவில்லை. அவள் ஜாக்கெட் தைப்பவள். "வண்டியைச் சுத்தி நிக்கறது பூரா ஆம்பளைங்க. அப்புறம் எப்படிப் பொம்பளைங்க கணக்கு அதிகம்?" என்றாள். பதில் இல்லை. அவளிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் நாள் முழுக்க மிஷினில் உட்கார்ந்து ஓவர்லாக் அடிப்பவர்கள். பதினோரு மணிக்கு டீயும் தேங்காய் பன்னும், நாலு மணிக்கு டீயும் பப்ஸும். ராத்திரி வீட்டில் சோறு. வண்டிக் கடையை மட்டும் குற்றம் சொல்ல முடியாதுதான். உட்கார்ந்தே தைக்கிற எனக்கும் பெல்ட்டில் புது ஓட்டை போட்டாயிற்று.

போன வாரம் அந்தப் பையன் ஊருக்குப் போகப் புதுப் பேன்ட் தைக்கக் கொடுத்தான். 33 என்று எழுதிக்கொண்டேன்.

"உள்ள ரெண்டு இன்ச் துணி விட்டுடுங்க அண்ணா."