கூடங்குளத்தில் தொடங்கிய படிப்பு

எம்.ஏ.வுக்கு சர்வதேச உறவுகள் எடுக்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, அம்மா சொளவை மடியில் வைத்துப் பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரி நிற்கவில்லை. "ஏலே, அதைப் படிச்சா என்ன வேலைக்குப் போவே?" என்றாள். அன்று எனக்குப் பதில் வரவில்லை.

பதில் ஊரிலேயே இருந்தது. எங்களுக்கு ராதாபுரம் பக்கம். கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அதற்கு ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் 1988-ல் ஒப்பந்தம் போட்டார்கள். 1991-ல் சோவியத் ஒன்றியம் உடைந்தது, திட்டம் கிடப்பில் விழுந்தது. 1998-ல் ரஷ்யாவோடு மறுபடி பேசி முடித்தார்கள். முதல் உலையிலிருந்து மின்சாரம் வந்தது 2013-ல். எங்கோ ஒரு நாடு உடைந்ததற்கு எங்கள் கடற்கரையில் ஒரு கட்டடம் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்திருக்கிறது! இதைப் புரிந்துகொண்ட நாளில்தான் இந்தப் படிப்பு என்னுடையது என்று தோன்றியது.

வெளிநாட்டு ஆசையும் இருந்தது. ஆனால் பிரிட்டனின் செவ்னிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். சரி, அது பிறகு. புதுச்சேரிப் பல்கலைக்கழகம், சார்க் நாடுகள் சேர்ந்து டெல்லியில் நடத்தும் தெற்காசியப் பல்கலைக்கழகம், அங்கேயே இருக்கும் ஜே.என்.யூ. (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) என மூன்றின் பாடத்திட்டங்களையும் பிரிண்ட் எடுத்து வரி வரியாகப் படித்தேன். ரஷ்யாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் தனி மையமே இருந்ததால் ஜே.என்.யூ.வில் மனம் நின்றது.

அதற்கு க்யூட் பி.ஜி. எழுத வேண்டும்; மத்தியப் பல்கலைக்கழகங்களில் முதுகலை சேர்வதற்கான பொது நுழைவுத் தேர்வு அது. அதில் 75 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 போய்விடும். முதல் இரண்டு மாதம் ஆண்டுகளை மனப்பாடம் செய்தே வீணாக்கினேன். அப்புறம் ஒரு நோட்டுப் போட்டேன். பக்கத்துக்கு ஓர் ஒப்பந்தம்: யார் கையெழுத்திட்டார்கள், யாருக்கு என்ன தேவை இருந்தது, யார் விலகி நின்றார்கள். 1954 பஞ்சசீலம், 1961 பெல்கிரேடு அணிசேரா மாநாடு, 1968 அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம், கச்சத்தீவுக்கு 1974, 1976. கச்சத்தீவுப் பக்கத்தை மட்டும் நாலு முறை திருத்தி எழுதினேன். படகோடு பிடிபட்டவர்களின் வீட்டு நிலவரம் தெரிந்தவனுக்கு அதை இரண்டு வரியில் முடிக்க மனம் வரவில்லை.

இதைவிட அலைக்கழித்தது சாதிச் சான்றிதழ். நம்மிடம் இருக்கும் மாநில பி.சி. சான்றிதழ் மத்தியப் பல்கலைக்கழகங்களில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், 'கிரீமிலேயர் (பிற்படுத்தப்பட்டோரில் வசதியான பிரிவு) இல்லை' என்று தனியாக ஓ.பி.சி. சான்றிதழ் வாங்க வேண்டும். அதிலும் எந்த நிதியாண்டில் வாங்கியது என்று பார்ப்பார்கள். விவரம் தெரியாமல் மூன்று முறை நடந்தேன். தேர்வு முடிவுக்காகக் காத்திருக்காதீர்கள், முன்னாடியே விசாரித்து விண்ணப்பித்துவிடுங்கள்.

இடம் கிடைத்தது. திருநெல்வேலி ஜங்ஷனில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறும்போது பையில் அந்த நோட்டும் சான்றிதழின் ஐந்து நகல்களும் இருந்தன. அம்மா ஜன்னல் வழியாகச் சீடை டப்பாவை நீட்டிவிட்டு, "அந்த ரஷ்யாக்காரன் கதையை மறுபடி ஒரு தடவை சொல்லுலே" என்றாள். வண்டி நகரும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.